பாண்டியம்மாள் ஏறாத கப்பல்

1

மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் பாண்டியம்மாள் அக்காவின் போனுக்கு பேங்கிலிருந்து மெசேஜ் வந்துவிடும். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. போனைத் தூக்கிக்கொண்டு என் தையல் மெஷின் பக்கம் வந்து, "வந்துருச்சா பாரு வசந்தி" என்பாள். வந்துவிட்டது என்று நான் சொன்னதும் அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய்த் தன் மாத்திரையும், தன் பங்குக்கு அரிசியும், என் மகளுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவும் வாங்கி வருவாள். அரசாங்கம் அந்தப் பணத்துக்கு விதவை உதவித்தொகை என்று பெயர் வைத்திருக்கிறது. அக்கா அதை "என் சம்பளம்" என்பாள்.

நடுவில் இரண்டு மாதம் மெசேஜ் வரவில்லை. முதல் மாதம், "பேங்க்ல லேட்டாகுதுக்கா" என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது மாதம் அக்கா போனைக் கொண்டுவரவே இல்லை. மத்தியானம் தட்டில் வழக்கமாகப் போடுவதில் பாதிதான் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கும் கோபம்தான் வந்தது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன். நான் மானாமதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அந்தமானுக்கு வந்தவள். போர்ட் பிளேயரை அடுத்த புரோத்ராபூரில் இருக்கிறோம். போர்ட் பிளேயருக்கு இப்போது பேப்பரில் பேர் மாறிவிட்டது. பஸ்ஸில் இன்னும் மாறவில்லை. என் வீட்டுக்காரர் முருகேசன் லைன்மேன். பாண்டியம்மாள் அக்கா அவருடைய அண்ணன் மனைவி. அந்த அண்ணன் சாத்தம் ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், ஒரு காண்ட்ராக்டரிடம் சுமை தூக்கினார். நெஞ்சுவலி வந்து செத்துப்போனபோது காண்ட்ராக்டர் ஒரு மாலையைப் போட்டுவிட்டு, நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு சரி. பிள்ளை குட்டி கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு இடது கை இழுத்துக்கொண்டது. எங்கள் வீட்டின் பின் அறையில் இருக்கிறாள்.

இரண்டாவது மாதக் கடைசியில் அக்கா என்னிடம் சொன்னாள்: "அடுத்த மாசமும் வரலைன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிர்றேன் வசந்தி. கையில காசில்லாம ஒருத்தர் வீட்டுல உக்காந்து திங்க எனக்கு ஆகாது."

தம்பி இருப்பது சிவகங்கையில், ஒற்றை அறை வீட்டில். தம்பி பெண்டாட்டியின் வாயைப் பற்றி ஜில்லாவுக்கே தெரியும். "நாங்க ஒருத்தரா அக்கா?" என்று கேட்டேன். அக்கா போய்த் தன் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். ஒரு கையால் மடிப்பதால் நேரம் ஆகும். பின் அறைப் பக்கமிருந்து அந்தச் சரசரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

2

பணம் ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்து வந்தவள் என் மகள் சுகன்யா.

உதவித்தொகை முறையைச் சீர்திருத்துகிறார்கள். தகுதி இல்லாதவர்களை நீக்கித் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்க, வாங்குகிறவர்களின் பேரையெல்லாம் மற்ற ரெக்கார்டுகளோடு பொருத்திப் பார்க்கிறார்கள். அந்த வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். டிகிரி முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்த சுகன்யாவுக்கு அதில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. முதல் நாள் அவள் புது சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பியபோது அக்காதான் வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

அதே சுகன்யா இன்னொரு நாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பெரியம்மா ஐலேண்ட்லயே இல்லம்மா" என்றாள் சுகன்யா.

"என்னடி உளர்ற?"

"சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு. போன வருஷம் ஜஹாஸ்ல சென்னை போயிருக்காங்க. ரிட்டன் எண்ட்ரியே நஹீ ஹை. ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா பென்ஷன் ஆட்டோமேட்டிக்கா பந்த்."

அக்கா கீரைக் காம்பைக் கிள்ளியபடி, "நான் இங்கதானேடி இருக்கேன்" என்றாள்.

"எனக்குத் தெரியுது பெரியம்மா. சிஸ்டத்துக்குத் தெரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலில் போனது ராணி.

இதை ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே குடியிருப்பவர்களுக்கு ஐலேண்டர் கார்டு என்று ஒன்று உண்டு. மெயின்லேண்டுக்கு, அதாவது உங்கள் பக்கத்துக்கு, கப்பலில் போக அதைக் காட்டினால் கட்டணம் குறைவு, டிக்கெட்டும் கிடைக்கும். வெளியூர்க்காரர்களுக்கு விலையும் அதிகம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். அதனால் விருந்துக்கு வந்த சொந்தக்காரர் அவசரமாக ஊர் திரும்ப வேண்டுமென்றால், அவர் வயசுக்கும் சாடைக்கும் ஏறக்குறையப் பொருந்துகிற யாராவது தன் கார்டைக் கொடுத்து அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுக்குக் குக்கர் கொடுப்பது மாதிரிதான். எங்கள் ரோட்டில் பெங்காலி வீடும் செய்திருக்கிறது, தெலுங்கு வீடும் செய்திருக்கிறது. தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். குக்கர் கொடுக்கிறவளுக்கு இருக்கிற தயக்கம்கூட யாருக்கும் இருந்ததில்லை.

ராணி என் நாத்தனார். போன வருஷம் எங்களைப் பார்க்க வந்திருந்தாள். வந்த இடத்தில், ஊரில் அவள் மகனுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது. விமானத்துக்குக் கொடுக்க எங்கள் யார் கையிலும் காசில்லை. கப்பலில் வெளியூர்க்காரர் டிக்கெட் தீர்ந்துபோயிருந்தது. ராணி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அக்கா பின் அறைக்குப் போய்த் தன் கார்டை எடுத்துவந்து அவள் மடியில் போட்டாள். அந்தக் கார்டில் இருந்த படம் அக்கா மாதிரியும் இருக்காது, வேறு யார் மாதிரியும் இருக்காது. ராணி ஊர் போய்ச் சேர்ந்தாள். பையன் பிழைத்தான். கார்டை ஒரு தெரிந்தவர் கையில் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். எல்லோரும் அதை மறந்துவிட்டோம். கம்ப்யூட்டர் மறக்கவில்லை.

3

என் அப்பாவின் நினைப்பு அன்றைக்கு வந்தது.

அப்பா கடைசிக் காலத்தில் முதியோர் பணத்துக்கு மனுப் போட்டார். பார்த்துக்கொள்ள மகன் இருந்தால் கிடைக்காது என்று எங்கள் ஊரில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் இருந்தான். அண்ணன் செங்கல் சூளையில் வேலை பார்த்துக்கொண்டு, தான் குடிக்கிற கஞ்சியில் பாதியை அப்பாவுக்கு ஊற்றியவன். என்ன செய்வது? வி.ஏ.ஓ. முன்னால் போய் நின்று, "நான் அவருக்குக் கஞ்சி ஊத்துறதில்லைங்க சார், அவரு தனியாத்தான் கெடக்காரு" என்று சொன்னான். அப்பாவும் பக்கத்தில் நின்றார். நானும் நின்றேன். வி.ஏ.ஓ.வுக்கும் உண்மை தெரியும். எங்கள் தெருவில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எழுதிக்கொண்டார்.

பணம் வந்தது. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் சாப்பிட உட்காரும்போது அப்பா வாசலைப் பார்த்தபடி உட்காருவார். யாராவது பார்த்துவிட்டு எழுதிப் போட்டுவிடுவார்களோ என்று. சொந்த மகன் வீட்டுச் சோற்றைத் திருட்டுச் சோறு மாதிரித் தின்றுவிட்டுத்தான் அவர் போனார்.

அதனால் உதவித்தொகை, சீர்திருத்தம் என்ற வார்த்தைகளைக் கேட்டாலே நான் முதலில் பல்லைக் கடிப்பேன். இல்லாதவன் தனக்கு இருப்பதையும் இல்லை என்று சொன்னால்தான் ஏதாவது கிடைக்கும். அப்படிச் சொல்ல வைத்துவிட்டுக் கொஞ்ச வருஷம் கழித்து யார் யாரெல்லாம் பொய் சொன்னது என்று கணக்கெடுப்பார்கள்.

சுகன்யா இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "செத்துப்போன ஆள் பேர்ல பணம் எடுக்குறாங்கம்மா. சென்னைல ஃபிளாட் வாங்கி செட்டிலான ஆளுங்க இங்க விதவை பென்ஷன் வாங்குறாங்க. நான் என் கண்ணால பாத்தேன். அந்தக் காசு வேற யாருக்கோ போகவேண்டியது தானே" என்பாள். அதிலும் பொய்யில்லை. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பேரில் பணம் வாங்கிய வீடு ஒன்று எனக்கே தெரியும். அந்த வீட்டுக்காரி என்னிடம்தான் ஜாக்கெட் தைக்கிறாள்.

என் மகள் என்னோடு தமிழில் சண்டை போடும்போது பாதியில் இந்திக்குத் தாவிவிடுவாள். நான் இந்தியில் பதில் சொன்னால் என் இந்தியைத் திருத்துவாள். முன்பெல்லாம் சிரிப்பு வரும். அந்த இரண்டு மாதமும் வரவில்லை. வீட்டுக்குள் ஒரு ஆபீசரை வளர்த்துவிட்டோமோ என்று இருந்தது.

4

நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. எங்கள் பகுதிக்கு கம்யூனிட்டி ஹாலில் முகாம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு. கத்தினோம்.

சிக்கல் இதுதான். அக்கா இங்கேயே இருக்கிறாள் என்று நிரூபித்தால், அவள் கார்டில் போனது யார் என்ற கேள்வி வரும். கார்டை வேறு ஆளுக்குக் கொடுத்தது குற்றம். கார்டு போய்விடலாம். ஏமாற்றியவள் என்று எழுதிவிட்டால் உதவித்தொகையும் நிரந்தரமாகப் போய்விடலாம். அக்கா சிவகங்கைக்குப் போவேன் என்கிறாள். கார்டு இல்லாமல் ஒரு தடவை போனாள் என்றால் திரும்பி வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "மதினி பிளைட்ல திரும்பி வந்துட்டாங்கன்னு சொல்லிருவோம்."

"பிளைட்டுக்கும் ரெக்கார்டு இருக்கும்பா" என்றாள் சுகன்யா.

"அப்ப மீன்பிடி போட்டுல வந்தாங்கன்னு சொல்லு."

"சென்னைல இருந்தா?"

கம்பத்தில் ஏறிக் கரண்டோடு மல்லுக்கட்டுகிறவர், மகளோடு மல்லுக்கட்ட மாட்டார்.

நான்தான் ராணிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ராணி அழுதாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "நான் மதினிக்குத் தெரியாம கார்டை எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லிருங்க. எம்மேல பழியப் போடுங்க. என்னை இங்க வந்தா பிடிக்கப் போறாங்க?"

எனக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. இப்போதும் அப்படித்தான் தெரிகிறது. யாருக்கும் நஷ்டமில்லை. அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, யாரு போனான்னு கேட்டா, ராணி எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்." அக்கா கேட்டுக்கொண்டாள். இரண்டு தடவை சொல்லிக் காட்டவும் சொன்னேன். சொல்லிக் காட்டினாள்.

சுகன்யா எழுந்து நின்றாள். "நாளைக்கு அந்த டெஸ்க்ல நான்தான் இருப்பேன். தமிழ் ஆளுங்களுக்கு டிரான்ஸ்லேட் பண்றது நான். என்னை வச்சு ஜூட் சொல்ல வைக்காதீங்க."

"அவ பொய் சொன்னா அது அவ பாடு. நீ சொல்றதைச் சொல்லிட்டுப் போ."

"எல்லாரும் இப்படியே சமாளிச்சுக்கிட்டே இருந்தா, ரூல் கரெக்டா இருக்குன்னுதானேம்மா மேல நெனைப்பாங்க? கார்டு ஏன் குடுத்தோம்னு ஒருத்தராவது சொன்னாத்தானே தெரியும், இங்க டிக்கெட் கிடைக்காம ஆளுங்க என்ன பாடு படுறாங்கன்னு?"

"ரூலை மாத்துறதுக்கு உங்க பெரியம்மாதான் கெடைச்சாளா?" என்று கேட்டேன். பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டாள். நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது அக்கா தன் நல்ல கையால் இழுத்துக்கொண்ட கையை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

5

கம்யூனிட்டி ஹாலில் நல்ல கூட்டம். பெங்காலிக் கிழவர்கள், தெலுங்குப் பெண்கள், கைக்குழந்தையோடு ஒரு ராஞ்சிக்காரி. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பை. பைக்குள் அவரவர் வாழ்க்கையின் அத்தனை காகிதமும். ஃபேன் ஓடியும் வேர்த்தது. எங்களுக்கு முன்னால் போன ஒரு கிழவர் வெளியே வரும்போது யாரையும் பார்க்காமல் வந்தார். அவரிடம் என்ன ஆச்சு என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அக்காவின் பேரைக் கூப்பிட்டார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி அம்மா. முப்பத்தைந்து வயசு இருக்கும், பெங்காலி. பக்கத்தில் லேப்டாப்போடு சுகன்யா.

சுகன்யா எழுந்து நின்று இந்தியில் சொன்னாள்: "மேடம், இவங்க என் பெரியம்மா. இந்த கேஸை நான் பண்ணக் கூடாது."

இதை வேறு சொல்ல வேண்டுமா?

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். தமிழும் இந்தியும் தெரிந்த வேறு ஆள் அங்கே இல்லை. நான் முந்திக்கொண்டு, "நான் சொல்றேன் மேடம்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் இதே வீடுதானே" என்று சிரித்தார். பிறகு சுகன்யாவைப் பார்த்து, "நீயே பண்ணு. முதல்லயே சொல்லிட்டன்னு எழுதிக்கிறேன். ஜோ போலே, வஹீ போல்னா" என்றார். அவர் என்ன சொல்கிறாரோ அதை மட்டும் சொல் என்று அர்த்தம்.

கேள்வி வந்தது. சுகன்யா கேட்டாள்: "பெரியம்மா, போன வருஷம் நீங்க ஜஹாஸ்ல சென்னை போனீங்களான்னு கேக்குறாங்க."

"போகல."

"அப்போ உங்க கார்டுல போனது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை லேசாக அசைத்தேன், சொல்லுங்க என்று. அக்கா திரும்பி சுகன்யாவைப் பார்த்தாள். நிதானமாகப் பேசினாள்.

"என் நாத்தனா ராணி போனா. நாந்தான் குடுத்தேன். அவ மகன் காய்ச்சல்ல கெடந்தான், டிக்கெட்டு இல்லைன்னுட்டாங்க. கார்டு என் பெட்டியில சும்மாதானே கெடக்குன்னு எடுத்துக் குடுத்தேன். நாளைக்கு இன்னொருத்தி வந்து இப்படி நின்னாலும் குடுப்பேன். தப்புன்னா என்னையக் கேளுங்க. அந்தப் புள்ளைய இழுக்க வேண்டாம்."

முந்தின நாள் இரண்டு தடவை சொல்லிக் காட்டியவள் இவள்தானா?

ஆனால் இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அக்கா பேசியது வெறும் சத்தம். அது சுகன்யாவின் வாய் வழியாகத்தான் அவருக்குப் போக வேண்டும். ராணி சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று இந்தியில் ஒரே ஒரு வரி. அதுகூட வேண்டாம். இன்னொருத்தி வந்தாலும் கொடுப்பேன் என்றாளே, அதை மட்டுமாவது விழுங்கிவிடு. நான் என் மகளை உற்றுப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

சுகன்யா இந்தியில் சொல்ல ஆரம்பித்தாள். ராணி போனாள் என்று சொன்னாள். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், டிக்கெட்டைச் சொன்னாள், பெட்டியைச் சொன்னாள். நாளைக்கு இன்னொரு பெண் வந்து நின்றாலும் கொடுப்பேன் என்றும் சொன்னாள்.

அதிகாரியின் பேனா நின்றது. "இதையும் அவங்கதான் சொன்னாங்களா?"

"ஆமா மேடம். இதையும் சொன்னாங்க. ராணியை இழுக்க வேண்டாம்னும் சொன்னாங்க."

அதிகாரி அதையும் எழுதி முடித்தார். கார்டைக் கேட்டார். அக்கா முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை ஒரு கவரில் போட்டுக் கைநாட்டு வாங்கினார். "ஆள் உயிரோடு இருக்கிறார், தீவில்தான் இருக்கிறார், அதை நான் எழுதுகிறேன். கார்டு விஷயம் வேறு இடத்துக்குப் போகும். பணத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது" என்றார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

6

சுகன்யாவுக்குச் சாப்பாட்டு இடைவேளை. எங்களோடு வீடு வரை நடந்து வந்தாள். பாதி வழி வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஒரு வரி. அந்த ஒரு வரிய விட்டிருந்தா உன் நாக்கு அழுகியா போயிருக்கும்?"

"அது அவங்க சொன்னதும்மா."

"அவளுக்கு என்னடி தெரியும்? அவ சொன்னா நீ சொல்லிர்றதா? சொல்றவ ஆயிரம் சொல்லுவா. எடுத்துச் சொல்றவளுக்குத்தானே புத்தி வேணும். நாளைக்கு அவளக் கப்பல் ஏத்தி விடுறப்ப நீ போயி டாட்டா காட்டு."

சுகன்யாவின் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அக்கா ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவள ஏன் ஏசுற வசந்தி?" என்றாள். "எனக்கு இந்தி பேசத்தான் வராது. காது கேக்கும்ல? முப்பது வருசமா இந்த ஊருல கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அவ சொன்னதெல்லாம் எனக்குப் புரிஞ்சுச்சு. நான் சொன்னதுல ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல."

"அதான்க்கா நானும் சொல்றேன்."

"நீ ஆஸ்பத்திரில என்ன செய்வ? எனக்குத் தலை சுத்துது, ராத்திரி தூக்கமில்ல, மாத்திரை போட்டா வாயெல்லாம் கசக்குது, பயமா இருக்குன்னு அஞ்சாறு சொல்லுவேன். நீ டாக்டர்கிட்ட 'சக்கர் ஆத்தா ஹை'ன்னு சொல்லி முடிச்சிருவ. தலை சுத்துதாம். என் கொழுந்தனும் அப்படித்தான். செத்துப் போனவரும் அப்படித்தான். எனக்கு என்ன வேணும்னு நீங்களே முடிவு பண்ணி, நீங்களே சொல்லிருவீங்க. நானும் சரின்னு இருந்துக்கிட்டேன்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "இன்னைக்குத்தான் நான் பேசினது ஒரு இடத்துல போயிச் சேந்துருக்கு. அதுக்கு இந்தப் புள்ளைய அடிக்காத குறையா ஏசுற."

சுகன்யா விசும்பிக்கொண்டே அக்காவின் பையை வாங்கிக்கொண்டாள். நான் முன்னால் நடந்தேன். எனக்கு அப்போதும் கோபம்தான். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

7

உத்தரவு வந்துவிட்டது. பணம் தொடரும். விடுபட்ட மாதங்களுக்குக் கிடையாது. கார்டு விசாரணை முடியும்வரை முடக்கம். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. சுகன்யாவை மொழிபெயர்க்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே டைப் அடிக்க உட்கார வைத்துவிட்டார்கள். அவளுடைய காண்ட்ராக்டை நீட்டிப்பார்களா என்பதும் தெரியவில்லை. எங்கள் ரோட்டில் கார்டு இரவல் கொடுப்பது அடியோடு நின்றுவிட்டது. எங்களைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், காட்டிக்கொடுத்தவர்கள் மாதிரி. டிக்கெட் கவுண்டரில் வரிசை அப்படியேதான் இருக்கிறது. ஒருத்தராவது உண்மையைச் சொன்னால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியும் என்று என் மகள் சொன்னாள். தெரிந்ததா என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த பையன்; இந்திக்காரர். என்ன செய்கிறது என்று கேட்டார். அக்கா தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். என் வாயில் 'சக்கர்' வந்து நின்றது. விழுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். தூக்கமில்லாததைச் சொன்னேன். கசப்பைச் சொன்னேன். இடது கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம் என்றேன்; எறும்புக்கு இந்தி வார்த்தை வராமல் விரலால் ஊர்ந்து காட்டினேன். டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். கடைசியில், "இவங்களுக்குப் பயமா இருக்காம்" என்று சொன்னேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "எதற்குப் பயம்?"

இத்தனை வருஷத்தில் அதை நான் கேட்டதில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, "எதுக்குக்கா பயம்?" என்றேன்.

அக்கா தன் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "முழுசா விழுந்துட்டா என்னையத் தம்பி வீட்டுக்குக் கப்பல் ஏத்தி விட்டுருவீங்களோன்னுதான். நீங்க சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிட்டா எனக்கும் மரியாதை, உங்களுக்கும் சங்கடமில்ல. அதான் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். வெளியே அடுத்த டோக்கன்காரர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "ஒன்றுமில்லை, வீட்டு விஷயம்" என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் ஆகாது. எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே ஒருத்தி எங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறாள் என்பதை, முன்பின் தெரியாத ஒரு பையனிடம், அதுவும் என் ஓட்டை இந்தியில், நானே சொல்ல வேண்டும். இருந்தாலும் சொன்னேன். கப்பலைச் சொன்னேன், தம்பியைச் சொன்னேன், மரியாதையையும் சங்கடத்தையும் சொன்னேன். நாங்கள் அனுப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறாள் என்பதையும் சொன்னேன்.

அக்கா கடைசி வரை கூர்ந்து கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"சரியாச் சொன்ன" என்றாள்.